நோயாளியின் அருகில் இருப்பவருக்குச் சில நூல்கள்

எங்கள் உள்நோயாளர் பிரிவில் ஒவ்வொரு கட்டிலுக்கும் இருவர் உண்டு. கட்டிலின் மேல் படுத்திருப்பவர் ஒருவர். பக்கத்தில் தரையில் பாய் விரித்து இரவைக் கழிப்பவர் மற்றொருவர். மேலே இருப்பவரின் வெப்பநிலை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவை வேளை தவறாமல் குறிப்பேட்டில் ஏறுகின்றன. கீழே இருப்பவர் எத்தனை மணி நேரம் உறங்கினார், தமக்குரிய சர்க்கரை மாத்திரையை விழுங்கினாரா என்பதை எழுத அக்குறிப்பேட்டில் இடமில்லை. மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, வருசநாடு ஆகிய ஊர்களிலிருந்தும் அவற்றைச் சூழ்ந்த மலைக் கிராமங்களிலிருந்தும் இங்கு வரும் குடும்பங்களில் அந்த இரண்டாமவர் பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். சில வேளைகளில் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பேரப்பிள்ளை. அவரைப் பற்றியும் நூல்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுள் சிலவற்றை அவருக்கே அறிமுகப்படுத்த விரும்புகிறோம்.

படிப்பதற்கு நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஆயினும் டயாலிசிஸ் அறைக்கு வெளியே நான்கு மணி நேரம், ஸ்கேன் முடிவுக்காக அரைநாள், மூக்குக்குழாய் வழியே உணவு செலுத்திய பின் நோயாளியைத் தலை உயர்த்திச் சாய்த்து வைத்திருக்கும் அரைமணி நேரம் என்று காத்திருப்பு நிறைய உண்டு. அந்நேரங்களில் கைப்பேசியில் மருத்துவத் தகவல்களைத் தேடி அச்சத்தைப் பெருக்கிக்கொள்வதைவிட நல்ல கதை ஒன்றைப் படிப்பது மேல் என்பது எங்கள் கருத்து.

தமிழில் இவரைப் பற்றிய பேச்சு மிகப் பழமையானது. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் கடைசிக் குறளான 950ஆம் குறள், மருத்துவம் என்பது நான்கு கூறுகளைக் கொண்டது என்கிறது. நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றும் நாம் எதிர்பார்ப்பவை. நான்காவதாக உழைச்செல்வான் இடம்பெறுகிறார். அருகில் இருந்து மருந்து கொடுத்துப் பணிவிடை செய்பவர் அவர். மருத்துவரும் உடனிருப்பவரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். உரை எழுதிய பரிமேலழகர் ஒவ்வொரு கூறுக்கும் நான்கு இலக்கணங்கள் சொல்கிறார். உடனிருப்பவருக்கு அவர் கூறுபவை: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய் ஆகிய மூன்றின் தூய்மை, மருத்துவர் சொன்னதைச் சொன்னபடி செய்யும் வல்லமை, அறிவு. வடமொழியில் சரக சம்ஹிதையும் ஏறத்தாழ இதே பகுப்பைத் தருகிறது.

இப்பட்டியலில் மூன்றாவதாக உள்ள வல்லமை என்னும் சொல்லைக் கவனியுங்கள். அன்பு மட்டும் இருந்தால் போதும் என்று உரையாசிரியர் விட்டுவிடவில்லை. பக்கவாதத்தால் கை செயலிழந்தவரை அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவக்கூடும். அடியில் விரித்த போர்வையைப் பிடித்து இருவராக நகர்த்த வேண்டும். இது அன்பினால் தானாக வந்துவிடும் அறிவன்று. எங்கள் செவிலியரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டியது. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

பழைய நூல்கள் பேசாத ஒன்றும் உண்டு. உடனிருப்பவரை யார் பார்த்துக்கொள்வது என்னும் கேள்விக்கு அவற்றில் விடையில்லை. 1999இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். முதிய வயதில் நோயுற்ற கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்டவர்களை ஷூல்ஸ், பீச் என்னும் இரு ஆய்வாளர்கள் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அப்பணியில் மன அழுத்தத்துக்கு உள்ளானவர்கள் இறக்கும் வாய்ப்பு, அத்தகைய பொறுப்பில்லாத முதியவர்களைவிட 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. உங்களை அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் மாத்திரைகளையும் மருந்துச் சீட்டையும் வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறோம்.

இனி கதைகளுக்கு வருவோம். நோயாளியைப் பார்த்துக்கொள்பவரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட கதைகளுள் எங்களுக்கு முதலிடத்தில் தோன்றுவது புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’. 1943இல் வெளிவந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்து துணிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நெடுநாள் நோயாளியான மனைவி செல்லம்மாளைப் பார்த்துக்கொள்கிறார். குழந்தைகள் இல்லை, உறவினர் ஊரில் இருக்கிறார்கள், சம்பளம் போதாது. வெந்நீர் போடுவதும் சமைப்பதும் மருந்து கொடுப்பதும் முடித்துவிட்டு அவர் கடைக்குப் போக வேண்டும். திரும்பி வந்ததும் அவளுக்கு நினைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண் ஒருவர் அடுப்படியிலும் நோய்ப் படுக்கையருகிலும் பணிவிடை செய்வதை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு இயல்பாக எழுதியிருப்பது வியப்பளிக்கிறது. எங்கள் பிரிவில் மனைவிக்குத் தலைவாரிவிடும் கணவர்களை இன்றும் சிலர் வேடிக்கை பார்க்கிறார்கள்!

மருத்துவர்களாகிய எங்களுக்கு அக்கதையில் முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. செல்லம்மாளின் மரணத்துடன்தான் கதை தொடங்குகிறது. உடலின் அருகில் இருக்கும் பிள்ளை கதறுவதில்லை, நிலைகுலைவதும் இல்லை. பல ஆண்டுகள் ஒவ்வொரு நாளும் அந்த நாளுக்குத் தம்மை அறியாமலே ஆயத்தமாகிவந்த மனிதரின் அமைதி அவரிடம் இருக்கிறது. நெடுங்காலம் படுக்கையில் இருந்தவர் இறந்தபின் உறவினர் அழாமல் நிற்பதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். சுற்றத்தார் அதைக் கல்நெஞ்சம் என்கிறார்கள். துக்கம் அங்கே முன்கூட்டியே, தவணை தவணையாகச் செலுத்தப்பட்டிருக்கிறது என்பதை அவர்கள் அறிவதில்லை. புதுமைப்பித்தன் அறிந்திருந்தார்.

அவரே 1948இல், நாற்பத்திரண்டு வயதில் காசநோயால் இறந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943இல், ‘செல்லம்மாள்’ வெளிவந்த அதே ஆண்டில்தான் கண்டறியப்பட்டது; ஆயினும் எளியவர்களுக்கு எட்ட நாளாயிற்று. பிறகு 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, காசநோயாளிகள் சானடோரியத்தில் தங்காமல் வீட்டிலேயே மருந்து உட்கொண்டாலும் அதே அளவு குணமடைகிறார்கள் என்று உலகுக்குக் காட்டியது. எளிய வீடுகளில், போதிய உணவும் இடமும் இல்லாத குடும்பங்களின் பராமரிப்பில் கிடைத்த முடிவு அது.

‘செல்லம்மாள்’ கதையை எப்போது படிக்க வேண்டும் என்பதிலும் எங்களுக்குக் கருத்துண்டு. உங்கள் வீட்டு நோயாளி கடுமையான நிலையில் இருக்கும்போது அதைக் கையில் எடுக்காதீர்கள். நோயாளியின் காதில் விழும்படி ஒருபோதும் வாசிக்காதீர்கள். எல்லாம் ஓய்ந்து சில மாதங்கள் ஆனபின், தனியே இருக்கும் ஒரு மாலையில் அது உங்களுக்குத் துணையாக இருக்கும்.

நோயாளி தேறிவரும் நாட்களுக்கு ஏற்றது பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் ‘நோட்ஸ் ஆன் நர்சிங்’. 1859இல் எழுதப்பட்ட இச்சிறு நூலைச் செவிலியருக்கான பாடநூல் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அவர் அதை வீட்டில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ள நேரும் சாதாரணப் பெண்களுக்காக எழுதினார். கிரிமியப் போரிலிருந்து திரும்பியபின் அவரே நெடுங்காலம் நோய்ப்படுக்கையில் இருந்தவர் என்பதால், படுத்திருப்பவர் கண்ணால் அறையைப் பார்க்கத் தெரிந்தவர். காற்றோட்டம், வெளிச்சம், சுத்தம் என்று அவர் சொல்பவை இன்று எல்லோரும் அறிந்தவையே. ஓசையைப் பற்றிய அத்தியாயம்தான் இன்றும் புதிதாக இருக்கிறது. நோயாளியின் அறைக்கு வெளியே நின்று, அவருக்குப் பாதி மட்டும் கேட்கும்படி கிசுகிசுப்பதைக் கொடுமை என்றே அவர் கருதுகிறார். கதவருகே மகனை அழைத்து முடிவுகளைச் சொல்லும் மருத்துவர்களாகிய எங்களுக்கும் அது பொருந்தும்.

பார்க்க வருவோரைப் பற்றி அதில் தனி அத்தியாயமே உண்டு. வெறும் ஆறுதலையும் கேட்காத அறிவுரையையும் கொட்டிவிட்டுப் போகிறவர்களை அவர் ஒரு பிடி பிடிக்கிறார். ஆரஞ்சும் ரொட்டியும் ஆர்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து, ‘ஒண்ணும் இல்ல, ரெண்டே நாள்ல எந்திரிச்சிருவீக’ என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் இதே நோயில் இறந்துபோன சித்தப்பாவின் கதையை விரிக்கும் உறவினரை அவர் இலண்டனில் எங்கே பார்த்தார் என்று தெரியவில்லை! வருகிறவர்களிடம் ஓர் உதவி கேளுங்கள். இரண்டு மணி நேரம் கட்டிலருகில் அவர்கள் இருக்கட்டும். நீங்கள் குளித்து, சாப்பிட்டு, உறங்கி வாருங்கள். ஆரஞ்சைவிட அது பெரிய கொடை.

நெடுநாள் படுத்திருப்பவர்களுக்குச் சிறு வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்றும் நைட்டிங்கேல் எழுதியிருக்கிறார். 1850இல் ஏதென்ஸ் நகரில் தாம் காப்பாற்றிய ஆந்தைக்குஞ்சைச் சட்டைப்பையில் வைத்து வளர்த்தவர் அவர். எங்கள் பகுதி மக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்நோயாளராகச் சேரச் சொன்னவுடன் இங்கே முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் செலவைப் பற்றியதன்று. ‘ஆட்டை யாரு பத்திக்கிட்டுப் போறது’ என்பதே. நாங்கள் அதை எளிதாக எடுத்துக்கொள்வதில்லை. மூல வைகை வறண்ட ஆண்டில் ஒரு கிடை ஆடு என்பது ஒரு குடும்பத்தின் வங்கிக் கணக்கு. பாதிச் சிகிச்சையில் வீடு திரும்ப எண்ணுகிறவர், ஒரு நோயாளியை விட்டு இன்னொரு வாயில்லாச் சீவனிடம் போகிறார், அவ்வளவே. அப்படி எண்ணம் எழுந்தால் எங்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தச் சிகிச்சையை ஒத்திப்போடலாம், எதை ஒரு நாளும் தள்ளக்கூடாது என்று சேர்ந்து முடிவு செய்யலாம்.

அவர்களுக்குப் பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ நாவலைத் தயங்காமல் பரிந்துரைக்கிறோம். 2016இல் வெளிவந்தது. இயல்பான கிராமத்தில், இயல்புக்கு மீறிய ஒரு நிகழ்வுடன் தொடங்குகிறது. பேருருவம் கொண்ட ஒருவன் முன்பின் அறியாத கிழவர் ஒருவரிடம் கறுப்புக் குட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு மறைகிறான். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தத் தாயற்ற குட்டியைக் கிழவி உயிர்ப்பித்து எடுக்கிறாள். பாலூட்டப் படும் பாடு, இரவில் மூச்சு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது, மழை பொய்த்தபின் தமக்கே கஞ்சியில்லாத நிலையிலும் அதன் பசியை எண்ணுவது ஆகியவற்றைப் படிக்கும்போது, குறைமாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிமார் எங்கள் நினைவுக்கு வந்தார்கள். கிழவிக்கு அந்தக் குட்டி ஒரு கூடுதல் வேலை. ஆனால் முதுமையில் அவளுக்கு எழுந்திருக்கக் காரணமும் அதுதான். பராமரிப்பு மனிதரைத் தேய்க்கவும் செய்யும், நிமிர்த்தவும் செய்யும் என்பதை உபதேசமின்றிச் சொல்லும் நாவல் இது. முடிவு துயரமானது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

விலங்குகளைப் பற்றிய இன்னொரு படைப்பு ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’. ‘அறம்’ தொகுப்பில் உள்ள நெடுங்கதை. தமிழ்நாடு வனத்துறையில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றிய டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி என்னும் உண்மை மனிதரை மையமாகக் கொண்டு, டாப்சிலிப் காட்டில் நிகழ்வதாக எழுதப்பட்டது. சுற்றுலாவுக்கு வருவோர் வீசியெறிந்த பீர் புட்டியின் கண்ணாடி காலில் தைத்து அவதிப்படும் யானை அதில் வருகிறது. மேகமலைக் காடு நமக்கு எட்டிய தூரத்தில் இருக்கிறது. 2021 முதல் அது திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. மலைக்குச் செல்லும் இளைஞர்கள் அந்தக் காரணத்துக்காகவும் இக்கதையைப் படிக்கலாம். புண்ணின் நாற்றத்தையும் சீழையும் புழுவையும் அருவருப்பின்றி அணுகும் மருத்துவரை அதில் காண்கிறோம். படுக்கைப்புண்ணைத் துடைக்கும்போது குமட்டலை அடக்க முடியாமல் வெளியே ஓடிவந்து, பின்னர் அதற்காகக் குற்ற உணர்வு கொள்ளும் மகள்கள் அக்கதையில் ஆறுதல் காண்பார்கள். அருவருப்பு பழக்கத்தால் குறையும்.

புண் வந்தபின் துடைப்பதைவிட வராமல் காப்பது எளிது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகால் படுக்கையில் படாமல் உயர்த்திவையுங்கள். இலவம் பஞ்சு விளையும் ஊர் நம்முடையது. தலையணைக்குப் பஞ்சம் இருக்கக்கூடாது.

வலியின் விஷயத்தில் மட்டும் ‘யானை டாக்டர்’ கதையிலிருந்து நாங்கள் விலகி நிற்கிறோம். விலங்குகள் வலியைக் கம்பீரமாகத் தாங்குவதை அது போற்றுகிறது. யானையிடம் அது அழகாக இருக்கலாம். புற்றுநோயாளியிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம். ‘பொறுத்துக்கோங்கப்பா’ என்று சொல்வதற்குமுன் எங்களை அழையுங்கள். கடும் வலிக்கு மார்ஃபின் மாத்திரை உண்டு. 1985இன் போதைப்பொருள் சட்டத்தால் மருத்துவமனைகளில்கூட அது கிடைப்பது அரிதாயிற்று. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. மருத்துவர் மேற்பார்வையில் வலிக்காக உட்கொள்ளும்போது நோயாளி அடிமையாகிவிடுவார் என்ற அச்சத்துக்கு இடமில்லை. இந்த மாற்றத்துக்காக நெடுங்காலம் போராடியவர்களுள் ஒருவர் நமக்கு அண்டை மாநிலத்தவரான டாக்டர் எம். ஆர். ராஜகோபால். 1993இல் கோழிக்கோட்டில் வலி மற்றும் வலித்தணிப்புச் சிகிச்சைச் சங்கத்தை நண்பர்களுடன் தொடங்கியவர். அவருடைய ‘வாக் வித் த வியரி’ என்னும் ஆங்கில நூல் 2022இல் வெளிவந்தது. குடும்பத்தில் ஆங்கிலம் படிக்கும் ஒருவர் அதைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லலாம். தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலித்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்து அளிக்கப்படுகின்றன. வீடு திரும்பும் நாளில் அதற்கான விவரத்தைக் கேட்டுப் பெறுங்கள்.

மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்வோருக்கு 1981இல் நான்சி மேஸ், பீட்டர் ராபின்ஸ் எழுதிய நூல் ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. அதன் பெயர் ‘முப்பத்தாறு மணி நேர நாள்’ என்று பொருள்படும். பெயரைக் கேட்டவுடனே உங்களுள் சிலர் தலையசைப்பீர்கள்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. தாய்க்கு நோய் என்றால் வீட்டில் தண்ணீர் பிடிப்பதும் தம்பிக்குச் சோறு போடுவதும் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் மேல் விழுகின்றன. அவளிடம் யாரும் எதையும் விளக்குவதில்லை. பேட்ரிக் நெஸ் எழுதிய ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ 2011இல் வெளிவந்த ஆங்கில நாவல். அதன் கருவை உருவாக்கிய ஷிவான் டவுட் என்னும் எழுத்தாளர் 2007இல் மார்பகப் புற்றுநோயால் இறந்துவிட, அவர் விட்ட இடத்திலிருந்து நெஸ் எழுதினார். புற்றுநோயுற்ற தாயுடன் வாழும் பதின்மூன்று வயதுச் சிறுவன் கானரிடம், வீட்டுக்குப் பின்னால் நிற்கும் யூ மரம் நள்ளிரவு தாண்டிப் பூதமாக நடந்து வருகிறது. மூன்று கதைகள் சொல்வேன், நான்காவதை நீ சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த மரத்தைத் தேர்ந்ததில் மருத்துவப் பொருத்தமும் உண்டு. நாங்கள் புற்றுநோய்க்குத் தரும் பாக்லிடாக்சல், டோசிடாக்சல் ஆகிய மருந்துகள் யூ இன மரங்களிலிருந்தே முதலில் பெறப்பட்டன.

கானர் சொல்ல அஞ்சும் உண்மை இதுதான்: இதெல்லாம் எப்போதாவது முடிந்தால் போதும் என்று அவன் நினைத்துவிட்டான். தாய் இறக்க வேண்டும் என்று அவன் விரும்பவில்லை; காத்திருப்பின் வேதனை தீர வேண்டும் என்று விரும்பினான். இரண்டும் ஒன்றாகிவிட்டதாக எண்ணி உள்ளுக்குள் எரிகிறான். இந்த எண்ணம் குழந்தைகளுக்கு மட்டும் வருவதன்று. நெடுங்காலம் நோயாளியைப் பார்த்துக்கொண்ட பெரியவர்களும் எங்கள் அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். ‘மகராசி போய்ச் சேர்ந்தா நல்லதுன்னு தோணிருச்சு டாக்டர்’ என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொள்கிறார்கள். அன்பு குறைந்ததால் வரும் எண்ணம் அன்று இது. உறக்கம் குறைந்ததால், கை மாற்றிவிட ஆளில்லாததால் வருவது. இதைக் கேட்டு நாங்கள் யாரையும் குறைவாக எண்ணியதில்லை. அடுத்த முறை வரும்போது வேறொரு உறவினரையும் அழைத்து வரச் சொல்கிறோம். இரவுப் பொறுப்பைப் பங்கிட வழி பார்க்கிறோம். மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தால் அதற்குச் சிகிச்சை அளிக்கிறோம்.

நோயாளிக்கு வாசித்துக் காட்ட விரும்புவோருக்குச் சில சொற்கள். பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களுள் பலருக்குக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் பெருமளவு எஞ்சியிருக்கிறது. ஆகவே குழந்தையிடம் பேசும் குரலில் வாசிக்க வேண்டாம். பத்து நிமிடம் போதும். அவர் முகம் தெரியும்படி, நல்ல காது இருக்கும் பக்கத்தில் உட்காருங்கள். துயரக் கதைகளைத் தவிர்த்து, அவர் இளமையில் விரும்பியவற்றைத் தேர்ந்தெடுங்கள். மாட்டுச்சந்தை, மலைக்காடு, திருவிழா என்று அவருக்குத் தெரிந்த உலகம் வரட்டும். நாளிதழின் மழைச் செய்தியும் ஆட்டு விலையும்கூட நல்ல வாசிப்பே. அவர் கண்ணை மூடிக்கொண்டாலும் உடனே நிறுத்திவிடாதீர்கள். ஒரு பத்தி கூடுதலாக வாசித்துப் பாருங்கள். உறங்கிவிட்டால் புத்தகத்தை மூடிவிட்டு நீங்களும் படுத்துக்கொள்ளுங்கள்.